பெயர் போடாத எட்டு வரியும் ஒரு ரேடியேட்டரும்

இஸ்மாயில் உன் காரின் ரேடியேட்டரிலிருந்து எதையும் எடுக்கவில்லை. இது நேற்று முற்பகல் ஆவடியில் உறுதியானது. ராணுவத்தின் மிச்சச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கும் கொட்டகையில், நான் வாங்கிய அதே சரக்கைச் சேர்ந்த இன்னொரு ரேடியேட்டரின் பெட்டியை என் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னேன். அதன் குழாய்களும் வெளியே சாம்பல் நிறம்தான். என் பெட்டிச் சாவியால் ஒரு குழாயைச் சுரண்டினேன். ஈயப் பூச்சுக்குக் கீழே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. கொட்டகையின் சாமான் கணக்கைப் பார்ப்பவர், "எல்லாமே இப்படித்தான் சார் வந்துச்சு, ஒண்ணுகூட செவப்பா வந்ததில்ல" என்றார். ஆக, ஆதாரம் இரண்டு: என் கண், அவர் வாக்கு. இந்த முறை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொன்ன ஆதாரம் இல்லை. நலம் விசாரிக்கும் முன்பே இதைச் சொல்வதற்குக் காரணம், இதற்கு நேர்மாறான செய்தி பம்பாய் வரை வந்து உன் காதில் விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால், அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

நீ ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்குகிறாய். பம்பாயில் மோட்டார் பட்டறை வேலை கற்று முடித்து, இஸ்மாயிலோடு சேர்ந்து பூந்தமல்லி சாலையில் சொந்தப் பட்டறை போட வருகிறாய். இஸ்மாயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வேறு சிலரும் படிக்க நேரலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். அவன் உன்னோடு பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பாத்திரத்துக்கு ஈயம் பூசும் குடும்பத்தில் பிறந்து, யுத்த காலத்தில் லாரி ரேடியேட்டர்களைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டவன். வாய் ஓயாமல் பேசுவான், தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வான், பந்தயம் கட்டித் தோற்பான். நம் வீட்டுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் என்ன குழம்பு என்று கேட்பான். உன்னைப் போலவே என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான். பூந்தமல்லியில் ரேடியேட்டர் வேலை செய்பவன் அவன் ஒருவன்தான். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள். நான் மறந்தது அதைத்தான்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவடி முகாமை விட்டுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி உனக்கு விற்ற அந்த இரண்டு இருக்கை வண்டிக்கு ஏறத்தாழ உன் வயது. தன் காலத்தில் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டது. நீளமான மூக்கு, அதன் மேல் தோல் வார், மடக்கினால் மடங்காத துணிக் கூரை. தேன்கூடு போல அறை அறையாக இருந்த அதன் ரேடியேட்டர் பற்றவைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி ஒழுகியது. "இதுக்கு மேல இதுல பத்த வெக்க எடம் இல்ல மச்சான்" என்று இஸ்மாயில் சொன்னபோது நீ சிரித்தாய். பட்டறை திறக்கும் நாளில் இந்த வண்டியை வாசலில் நிறுத்த வேண்டும், இதையே ஓட வைத்தவர்கள் என்றால் ஊரில் எவனும் தயங்காமல் வண்டியை விடுவான் என்பது உங்கள் இருவரின் எண்ணம். அதற்கு ஒரு மாற்று ரேடியேட்டர் வேண்டும். நீ பம்பாய்க்குக் கிளம்பும் முன் என்னைக் காரின் அருகே நிறுத்தி, என்ஜின் மூடியைத் திறந்து காட்டிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் மறக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

"நைனா, இந்த என்ஜின்ல தண்ணி எறைக்கிற பம்பு கிடையாது. சூடான தண்ணி தானா மேல ஏறணும், ஆறினது தானா கீழ எறங்கணும். அதனால குழாய் அகலமா இருக்கணும். மேல் தொட்டி என்ஜின் தலையைவிட ஒசரத்துல நிக்கணும். பெருசா, புதுசான்னு பாக்காதீங்க. இந்த ரெண்டத்தான் பாக்கணும்."

சரி என்றேன். எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்த தவறு என்றால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம் வேண்டியிருக்காது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பழைய ரேடியேட்டரின் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே அகலமான புதுக் குழாய்களை இஸ்மாயில் கையாலேயே அடைப்பது முதல் வழி. அதற்குக் குழாய் கிடைக்க வேண்டும். யுத்தம் முடிந்தும் செம்பும் பித்தளையும் இன்னும் கடைக்கு வந்தபாடில்லை. சீமைக்கு எழுதி அதே வண்டிக்கான ரேடியேட்டரை வரவழைப்பது இரண்டாவது. அந்தக் கம்பெனி இன்னும் அதைச் செய்கிறதா என்றே தெரியவில்லை. மூன்றாவது, ஆவடியில் மலையாகக் குவிந்திருந்த ராணுவச் சரக்கில் ஒன்றை எடுத்து வெட்டிப் பொருத்துவது. பொறுமையுள்ளவன் முதல் வழியைத் தேர்ந்து காத்திருப்பான். எனக்கோ, நீ வரும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட உண்மையான காரணம் ஒன்று உண்டு. பத்திரிகைக் காரியாலயத்தில் என்னோடு வேலை பார்க்கும் இருவர், "வெள்ளைக்காரன் தூக்கிப் போட்ட இரும்பைக் கட்டிக்கிட்டு உம்ம பிள்ளை அழுகிறானாமே" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடியில் நம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். அவர்கள் பார்க்க அந்த இரும்பில் வந்து இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆவடிக்குத் தனியாகப் போனேன். பெட்டி பிரிக்காத புது ரேடியேட்டர், பச்சை வர்ணத்தின் வாசனை கூடப் போகாதது. கடைக்காரர், "பர்மா ரோட்டுல மலை ஏறின லாரிக்குச் செஞ்சது சார், கொதிக்கவே கொதிக்காது" என்றார். ஒருவர் பேச்சை மட்டும் நம்பக்கூடாது என்ற தொழில் புத்தியில், பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று மனம் நிறைந்தது. அந்த டிரைவர் கடைக்காரரின் மைத்துனர் என்பது நேற்றுதான் தெரிந்தது. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. பம்பு வைத்த லாரியில் அது கொதிக்காதுதான். பம்பு இல்லாத காருக்கு ஆகுமா என்று நான் கேட்கவே இல்லை. குழாயின் அகலத்தைப் பார்த்தேன். பொடிசாக இருந்தது. நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் புதுசு என்று வாங்கினேன்.

இஸ்மாயில் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நைனா, கொயாயி பொடியாக் கீதே. அவன் அகலமாத்தானே கேட்டான்?" என்றான்.

"மலை ஏறின சரக்குப்பா" என்றேன்.

"மலை ஏறினது லாரி. இந்தக் கெயட்டுக் குதிரைய பத்தி எனக்கு இன்னா தெரியும்? உங்க புள்ளைக்குத்தான் தெரியும். அவன் வர்ற வரைக்கும் ஓரமா வெச்சிருப்போமே."

"அவன் வரும்போது ஓடணும்."

"சரி, மாட்டிப் பாப்போம். ஓடலன்னா கயட்டிட்டாப் போச்சு. எனக்கு இன்னா, ரெண்டு தபா வேலை" என்று சிரித்தான். அவனுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பக்கவாட்டில் இரண்டு வரிசைக் குழாய்களை வெட்டிக் கழித்துத்தான் அதைப் பழைய கூட்டுக்குள் இறக்க முடிந்தது. அப்போதும் உயரம் அதிகமாகி, என்ஜின் மூடியைச் சாத்த முடியவில்லை. மூடி திறந்தபடி ஓட்டினால் ஊர் சிரிக்கும், கீழே இறக்கி வை என்று நான் சொன்னேன். இறக்கி வைத்தான். மேல் தொட்டி என்ஜின் தலைக்குக் கீழே போயிற்று. நீ பார்க்கச் சொன்ன இரண்டையும் கெடுத்தவன் நான். வண்டியின் முகம் மட்டும் வெகு அழகாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து வேலப்பன்சாவடிக்குப் புறப்பட்டோம். இஸ்மாயில் ஓட்ட, நான் ஜரிகைக் கரை அங்கவஸ்திரத்தோடு பக்கத்தில். ரேஷன் பெட்ரோலை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். கரி வாயுவில் ஓடும் பஸ் ஒன்றைத் தாண்டியபோது அதன் டிரைவர் எட்டிப் பார்த்தார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நூம்பலுக்குப் பிரியும் இடத்தில், நம் வீட்டு வாசலில் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ரேடியேட்டர் மூடியை எகிறடித்துக்கொண்டு வெந்நீர் பீறிட்டது. என் அங்கவஸ்திரம் நனைந்து மார்போடு ஒட்டிக்கொண்டது. வயலில் இருந்தவர்களும் சாலையில் போனவர்களும் கூடிவிட்டார்கள்.

"இன்னா மாமே, ரயிலு ரோட்டுல வந்துகினு கீது?"

"சார், தண்ணி ரெடி. காப்பித்தூளு கீதா?"

"ஓரமா நில்லு அண்ணாத்தே, மூஞ்சி வெந்துடும். அப்பால உனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று இஸ்மாயில் பதிலுக்குச் சொல்ல, கூட்டம் இன்னும் சிரித்தது. காரியாலய நண்பர்கள் இருவரும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். "விருந்துக்கு முன்னால் வெந்நீர் ஸ்நானம் உண்டென்று சொல்லவில்லையே" என்றார் ஒருவர். அதற்கும் இஸ்மாயில் சிரித்தான். வண்டி கொதித்ததை அவன் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான். கழற்றி மாட்டலாம் என்று தெரிந்தவனின் சிரிப்பு அது. எனக்கு அது என்னைப் பார்த்துச் சிரித்ததாகப் பட்டது. அப்போது அவன் சாமான் பெட்டியில் கிடந்த வெட்டுத் துண்டு ஒன்று கண்ணில் பட்டது. சாம்பல் நிறம். ரேடியேட்டர் என்றால் செம்பு, செம்பு என்றால் சிவப்பு என்பது நான் அறிந்திருந்த முழு விஞ்ஞானம்.

"செம்பை எங்கடா வித்தே?" என்றேன்.

அவனை நான் அதுவரை ஒரு நாளும் டா போட்டுப் பேசியதில்லை. உன்னைக்கூட அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "இன்னா சொன்னீங்க?" என்றான். காதில் விழாமல் கேட்கவில்லை. திருத்திக்கொள்ள எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தான் என்று இப்போது தோன்றுகிறது. "உள்ளே இருந்த செம்பை எடுத்துட்டுத் தகரத்தை அடைச்சிருக்கே. அதான் கொதிக்குது" என்று விளக்கமாகவே சொன்னேன். அவன் கையைத் துணியில் துடைத்தான். காரின் சாவியை இருக்கையில் வைத்தான். "மாடு கட்டி இழுத்துகினு போங்க, சார்" என்று சொல்லிவிட்டுப் பூந்தமல்லிப் பக்கம் நடந்தான். அன்று அவன் வாயை விட்டுப் போன ‘நைனா’ என்ற சொல் இன்னும் திரும்பி வரவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு கிழவனின் கோபம் என்று போயிருக்கும். மறுநாள் காரியாலயத்தில் ஜில்லாச் செய்திப் பத்தியின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். பூந்தமல்லிப் பகுதியில் மோட்டார் ரேடியேட்டர்களைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் உள்ளிருக்கும் செம்பை அகற்றி மட்டமான உலோகத்தை வைத்துவிடுவதாகத் தெரிகிறது, மோட்டார் வைத்திருப்போர் எச்சரிக்கையாக இருப்பது நலம் என்பது அதன் சாரம். யாருக்குத் தெரிகிறது என்று அதில் இல்லை. ஆசிரியர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, "நிச்சயம்தானே?" என்றார். "நானே கண்ணால் பார்த்தேன்" என்றேன். இத்தனை வருஷம் என் பேச்சை நம்பிப் பழகியவர். மேற்கொண்டு கேட்கவில்லை. பெயர் போடவில்லை என்பதால் மனசாட்சியும் தொந்தரவு செய்யவில்லை. நியாயமாக நடந்துகொண்டதாகக்கூட நினைத்தேன்.

பிறகு நடந்தவற்றை நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். பஸ் முதலாளி ஒருவர் இஸ்மாயிலிடம் விட்டிருந்த ரேடியேட்டர்களைப் பாதி வேலையிலேயே எடுத்துக்கொண்டு போனார். லாரிக்காரர்கள் பட்டணத்துக்குப் போகத் தொடங்கினார்கள். ஏட்டு ஒருவர் பட்டறைக்குள் நுழைந்து மூலையில் கிடந்த உலோகத் துண்டுகளையெல்லாம் தெருவில் கொட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று போய்விட்டார். தெருவில் கொட்டியதை எல்லோரும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றதை யாரும் பார்க்கவில்லை. அந்த வாரமே ஒரு கட்டை வண்டி நம் வீட்டுக்கு வந்தது. உன் பழைய ரேடியேட்டரின் கூட்டிலிருந்து கழற்றிய தேன்கூட்டுப் பாகம் அதில் இருந்தது. கூடவே ஒரு சாக்கு மூட்டை. புதியதில் வெட்டிக் கழித்த குழாய்கள், மடித்த தகடுகள், அரத்தூள் வரை ஒரு காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தான். மூட்டையைப் பிரிக்காமல் மாட்டுக் கொட்டகையில் போடச் சொன்னேன்.

உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேப்பரில் வந்ததை அவளுக்கு நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். "பேர் போடல, பேர் போடலன்றீங்களே. போட்டிருந்தா அந்தப் புள்ள இங்க வந்து உங்க சட்டையப் புடிச்சிருக்கும். இப்ப அது யாரப் போய்க் கேக்கும்?" என்றாள். என் தொழிலில் இதைப் பற்றி எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சாதத்தைப் போட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று முதல் எனக்குப் பரிமாறும்போது எதிரே உட்காருவதில்லை.

அப்போதும் நான் அசையவில்லை. அசைத்தது வேறு. சில நாள் கழித்து எனக்குப் பழக்கமில்லாத ஒருவர் காரியாலயத்துக்கு வந்தார். படித்தவர், நல்ல உடுப்பு. ரேடியேட்டர் செய்தியை எழுதியது யார் என்று விசாரித்து என் மேசைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்பச் சரியா எழுதினீங்க சார். அந்த ஆட்களே அப்படித்தான். இன்னும் எழுதுங்க" என்றார். எந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் எட்டு வரியில் பெயர் இல்லை, மதம் இல்லை, தெரு இல்லை. ஆனால் வாசித்த ஒவ்வொருவரும் பெயரையும் மதத்தையும் தெருவையும் போட்டுத்தான் வாசித்திருக்கிறார்கள். வடக்கே நடக்கும் கலவரங்களைப் பற்றி என்னென்ன தந்திகள் இப்போது வருகின்றன என்று உனக்குத் தெரியும். அவற்றை முதலில் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். எந்த ஊரில் எந்த வதந்தி எப்படிப் புறப்பட்டது என்று பார்த்துப் பார்த்துத் தலைப்பு வைக்கிறவன். அந்த மேசையில் உட்கார்ந்துதான் இந்த எட்டு வரியையும் எழுதினேன்.

அவர் போன பின் என்னை நானே ஒரு கேள்வி கேட்டேன். வண்டியை ஓட்டியவன் நம் தெருப் பையன் ஒருவனாக இருந்திருந்தால், கொதித்த வண்டியின் முன் நின்று அவனிடம் செம்பை எங்கே விற்றாய் என்று கேட்டிருப்பேனா? கைத்தவறு என்று திட்டியிருப்பேன். திருட்டு என்ற சொல் அவ்வளவு சீக்கிரம் என் வாயில் வந்திருக்குமா? வந்திருக்கும் என்று உனக்கு எழுத எனக்கு ஆசை. நிச்சயமில்லாததை எழுத மாட்டேன். வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். என் வீட்டு அடுப்படி வரை வந்து சாப்பிட்டவன்தான் அவன், ஆனாலும் எனக்குள்ளே எங்கோ அவன் வேறு ஆள் என்ற ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை. அந்த மனிதர் என் கையைப் பிடித்தபோது பார்த்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் ஜாமெட்ரிப் பெட்டி காணாமல் போய், உன்மேல் பழி வந்தது. நீ அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாய். மறுநாள் நான் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் நின்று, "யார் பார்த்தது? என்ன பார்த்தார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. பெட்டி வேறெங்கோ அகப்பட்டது. திரும்பி வரும் வழியெல்லாம், ஒருவனைப் பற்றி ஒன்று சொல்லும் முன் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக்கொள் என்று உனக்குப் போதித்துக்கொண்டே வந்தேன். இஸ்மாயிலும் கூட நடந்து வந்தான். நீ அழுதபோது உன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். உன் விஷயத்தில் எனக்கு அந்தக் கேள்விகள் தெரிந்திருந்தன. பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லும் தகப்பன்களைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொள்ள வேண்டுமோ நினைத்துக்கொள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சாக்கு மூட்டையைப் பிரித்தேன். ஒரு துண்டைச் சாவியால் கீறினேன். மஞ்சள். கொதித்த அன்று, கூட்டத்தின் நடுவே, என் மடியில் இருந்த அதே சாவி. ஒரு கீறல் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் மூட்டை அவன் அனுப்பியது, அதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் நாளை வேறொருவன் அதையும் சந்தேகிப்பான். அதனால்தான் நேற்று ஆவடிக்குப் போய் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். எட்டு வரி எழுதும் முன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஆவடியிலிருந்து நேரே பூந்தமல்லிக்குப் போனேன். இஸ்மாயில் ஒரு பெரிய தேக்சாவுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தான். பட்டறையில் ரேடியேட்டர் ஒன்றுகூட இல்லை. "வாங்க சார்" என்று முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டான். ஆவடியில் பார்த்ததைச் சொன்னேன். அவன் கை நிற்கவில்லை.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா சார்? இத சொல்லவா ஆவடி வரைக்கும் போயி வந்தீங்க?"

"தப்பு என்னுது. பேப்பர்ல திருத்தம் போடறேன். உன் பேரைப் போட்டு, என் பேரையும் போட்டு."

"பேரு போடாத போதே லாரிக்காரன் ஒருத்தன் வர்றதில்ல. பேரையும் போட்டா இன்னா ஆவும்? இஸ்மாயிலு, ரேடியேட்டரு, திருட்டு. இந்த மூணத்தான் படிப்பான். இல்லன்னு போட்டதை எவன் படிக்கிறான்?"

"பின்னே நான் என்னதான் செய்யட்டும்?"

"அத எங்கிட்ட கேக்குறீங்க. எயுதறப்ப கேட்டீங்களா?" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துணியால் சுழற்றித் தேய்த்தான். "வெள்ளிக்கியம தொயுகைக்கு அப்பால பள்ளிவாசல்ல பெரியவங்க நாலு பேரு இருப்பாங்க. அவங்களும் உங்க பேப்பர படிச்சவங்கதான். கேட்டுட்டுச் சொல்றேன். எங்க வாப்பா பேரும் இதுல கீது, என்னுது மட்டும் இல்ல."

நீ ஞாயிற்றுக்கிழமை வருவதைச் சொன்னேன். அப்போதுதான் கை நின்றது. "அவங்கிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"நான்."

"முயுசாவா?"

"முழுசா."

"டா போட்டதையும்?"

"அதையும்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேக்சாவைப் பிடித்துக்கொண்டான். எழுந்து வந்துவிட்டேன்.

காரைப் பற்றிய நிலவரம் இது. வண்டி நம் புளியமரத்தடியில் கீற்றுக்குக் கீழே நிற்கிறது. புதிய ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன், வெட்டியது போக மிச்சத்தை உதிரியாக லாரி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடலாம். பழையதன் கூடு நன்றாக இருக்கிறது. உள்ளே அகலமான குழாய்களை அடைப்பதுதான் சரியான வழி என்று இப்போது நானும் சொல்கிறேன், என் யோசனைக்கு இனி மதிப்பில்லை என்று தெரிந்தும். குழாய் வரும் வரை காத்திரு. மூடியைச் சாத்த முடிகிறதா என்று பார்க்காதே, தண்ணீர் ஏறி இறங்குகிறதா என்று பார். அதை யார் கையால் செய்வது என்பதை நீயும் அவனும் பேசிக்கொள்ள வேண்டும். பட்டறையும் அப்படித்தான். என் பிள்ளையோடு சேர்ந்து கடை போட அவனுக்கு இனி மனம் வருமா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் அவனிடம் கோபித்துக்கொள்ளாதே. எனக்காகப் பரிந்து பேசவும் செய்யாதே. அவனுக்கு எதிரே என்னை விட்டுக்கொடுப்பது தகப்பனுக்குச் செய்யும் துரோகம் என்று உனக்குத் தோன்றினால், அது துரோகமில்லை என்று நானே எழுதித் தருகிறேன்.

இனி, முடிவாகாதவை. இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதன் பிரதி ஒன்று, என் கையெழுத்தோடு, ஆசிரியரின் மேசையில் இருக்கிறது. தன் பத்திரிகையில் நிருபர் எவரும் இதுவரை பெயர் போட்டுத் தவறை ஒப்புக்கொண்டதில்லை என்று அவர் தயங்குகிறார். எட்டு வரி வந்த அதே பத்தியின் அடியில் இதற்கு இடமில்லை, வேறு எங்கே போடுவது என்றும் கேட்கிறார். இஸ்மாயில் சம்மதித்தால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவன் வேண்டாமென்றால் அச்சுக்கோர்க்கும் முன் நான் அதைக் கிழித்துவிடுவேன். அப்போது இந்தக் கடிதம் உன்னோடு நிற்கும். அவன் பதில் வெள்ளிக்கிழமை பிற்பகல் தெரியும். பெரிய லாரி முதலாளிகள் இருவரை நானே நேரில் பார்த்துப் பேசப் போகிறேன், சனிக்கிழமைக்குள் பார்த்துவிடுவேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று இப்போது சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலுக்கு நான் வருவேன். நீ புறப்பட்ட அன்று உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசி வரை ஓடி வந்தவன், நீ வந்து சேரும்போதும் வருவானா என்பதை அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் நான் இல்லை. ரயில் வந்து நின்ற பிறகுதான் அது தெரியும். எனக்கும் அப்போதுதான் தெரியும்.